வாடகைக் குடியிருப்புகளில் மின்பாதுகாப்பும் வெந்நீர் வசதியும்: வீட்டு உரிமையாளர் சங்கத்தின் நிலைப்பாட்டு அறிக்கை

பேசின் பிரிட்ஜ், புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டைப் பகுதிகளில் வீடுகளை வாடகைக்கு விட்டிருப்போரின் இச்சங்கம், மின்கசிவுத் தடுப்பானைப் பொருத்தும் செலவு யாரைச் சேரும் என்று பொதுக்குழுவில் எழுந்த பிணக்கையும், அச்செலவை வாடகைதாரரின் அட்வான்ஸ் தொகையில் கழித்துக்கொள்ளச் சங்கம் அனுமதித்துவிட்டது என்று அதன்பின் பரவிய பேச்சையும் கருத்தில் கொண்டு, செயற்குழுவின் பெரும்பான்மை ஒப்புதலோடு இந்நிலைப்பாட்டை வெளியிடுகிறது. அத்தகைய அனுமதி எதுவும் எவருக்கும் வழங்கப்படவில்லை.

1. செலவு. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2023இல் கட்டாயமாக்கிய மின்கசிவுத் தடுப்பான், அதாவது கடைகளில் ஆர்சிசிபி என்று கேட்டு வாங்கப்படும் சாதனம், ஃபேஸ் கம்பியில் செல்லும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே இருந்து, வேறுபாடு 30 மில்லியாம்பியரை எட்டுவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. எம்சிபி எனப்படும் சர்க்யூட் பிரேக்கர் இதற்கு மாற்றாகாது: மிகைமின்னோட்டத்தால் கம்பி எரியாமல் காப்பதே அதன் வேலை; அது மனிதரைக் காப்பதற்காக அமைந்ததன்று. உரிமையாளர், வாடகைதாரர் உறவை முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், தன் இரண்டாம் அட்டவணையில் வயரிங் பராமரிப்பை உரிமையாளரிடமும், கீசர், சர்க்யூட் பிரேக்கர், சுவிட்ச் ஆகியவற்றின் பழுதை வாடகைதாரரிடமும் ஒப்படைத்திருப்பதைச் சிலர் சுட்டிக்காட்டினர். பழுது பார்ப்பது வேறு, இல்லாததைப் பொருத்துவது வேறு என்பதே சங்கத்தின் புரிதல். பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகும் பொருளன்று இது, கட்டடத்தின் உறுப்பு; ஆகவே பொருத்தும் செலவு உரிமையாளரையே சேரும்.

2. வெந்நீர்த் தடை. வாடகை ஒப்பந்தங்களில் ‘ஹீட்டர் உபயோகிக்கக் கூடாது’ என்று எழுதிவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்ற எண்ணத்தை இச்சங்கம் ஏற்கவில்லை. மார்கழி விடியலில் பச்சிளங்குழந்தைக்கும் முதியவருக்கும் வெந்நீர் தேவைப்படும் என்பது தெரிந்தே எழுதப்படும் அவ்வரி வெந்நீரைத் தடுப்பதில்லை. சுவரில் துளையிட்டு மாட்ட வேண்டிய கீசரை மட்டுமே தடுத்து, யாரும் பார்க்காதபோது பிளாஸ்டிக் வாளியில் ஹீட்டர் ராடு மாட்டப்படுவதற்கு வழிசெய்கிறது. 1,500 வாட் ராடு ஏறத்தாழ 6.5 ஆம்பியர் இழுக்கிறது. பழைய போர்ஷன்களில் அது போய்ச் சேர்வது 6 ஆம்பியர் பிளக்கிலும், பல வேளைகளில் மூன்றாவது துளையில் கம்பியே இல்லாத பிளக்கிலும் ஆகும். எர்த் எனப்படும் நிலத்தொடுப்பு இருந்தால், சாதனத்தின் உலோக உடலுக்குக் கசிந்த மின்சாரம் மண்ணில் இறங்கும்போதே தடுப்பான் விழித்துக்கொள்ளும். அது இல்லாத வீட்டில் கசிவு ஒரு மனிதர் தொடும்வரை காத்திருக்கும். இவ்வட்டாரத்தின் உப்புக் காற்று எர்த் கம்பியை அரிக்கிறது. போர்த் தண்ணீரின் உப்பு ராடின் மேல் படிந்து, உள்ளிருக்கும் இழையை மிகையாகச் சூடாக்கி, உறையை வெடிக்கச் செய்கிறது. இவையெல்லாம் தெரிந்திருந்தும், எர்த் போடும் செலவுக்கு அஞ்சி ஒரு வரித் தடையின் பின்னே ஒளிந்துகொள்வது சிக்கனமன்று; பிறர் உயிரை வைத்துச் செய்யும் சேமிப்பு. குழுவில் சிலர் இச்சொற்கள் கடுமையானவை என்று கருதினர். பெரும்பான்மையோர் அவற்றை நீக்க இசையவில்லை.

எனவே ஒவ்வொரு போர்ஷனிலும், நிலத்தொடுப்புடன் கூடிய 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்றையேனும் குளியலறைக்கு வெளியே சுவிட்ச் வைத்து அமைத்து, கீசர் மாட்ட அனுமதிப்பதே முறை. இருபது லிட்டர் நீரை 20 டிகிரி சூடாக்க எந்தச் சாதனத்திலும் அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகவே தேவைப்படுகிறது. வீணாவது அதற்குமேல் கொதிக்க விடுவதிலும், தொட்டியில் தேங்கிய சூடு ஆறிப்போவதிலும்தான். எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திர முத்திரை, சேமிப்பு வகைக் கீசர்களில் இந்த இரண்டாம் இழப்பையே அளவிடுகிறது. கீசரை வாங்குபவர் உரிமையாளராகவும் கரன்ட் பில் கட்டுபவர் வாடகைதாரராகவும் இருக்கும் இடத்தில் மலிவான கீசரே சுவரேறும் என்பதால், கூடுதல் நட்சத்திரமுள்ளதைத் தேர்வது உறுப்பினர்களின் நேர்மையைப் பொறுத்தது.

3. யூனிட் விகிதம். சப்-மீட்டர் வைத்து வசூலிப்பது குறித்துக் குழுவில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. பல குடித்தனங்கள் ஒரே இணைப்பில் இருக்கும்போது, இரு மாதங்களுக்கு 100 யூனிட் என்ற இலவசம் ஒன்றாகச் சுருங்குவதோடு மொத்தப் பயன்பாடு உயர்விகிதப் படிகளுக்கும் ஏறிவிடுகிறது என்பது உண்மையே. ஆயினும் பில்லில் கட்டியதற்கு மேல் வசூலிப்பது, இயன்றவரை, தவிர்க்கத்தக்கது.

4. தெரு. வீட்டுக்குள் மட்டும் ஒழுங்கு கோருவது போதாது. கொடுங்கையூரில் 2017 நவம்பரில் மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரு சிறுமியர் இறந்த பின்னரும், தெருவோர மின்விநியோகப் பில்லர் பெட்டிகளை வெள்ளமட்டத்துக்கு மேல் உயர்த்துமாறு கேட்க வேண்டிய நிலை நீடிப்பது பொறுக்கத்தக்கதன்று. எரிவாயுச் சுழலி மின்நிலையம் நிற்கும் பேசின் பிரிட்ஜின் தெருக்களுக்கு இது பெரிய கோரிக்கையும் அன்று.

5. சூரிய வெந்நீர்க் கலன். மொட்டைமாடியில் இடமுள்ளவர்கள் பரிசீலிக்கலாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் உறுப்பினர்கள் தத்தம் வீடுகளின் எர்த்தை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரைக் கொண்டு சோதித்து, தடுப்பானைப் பொருத்தி, அதன் சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்க்கும் முறையை வாடகைதாரருக்குக் காட்டித்தர வேண்டும். அதன்பின்னும் தடுப்பான் இல்லாத வீட்டில் விபத்து நேர்ந்தால், காவல் நிலையத்திலோ வாடகை நீதிமன்றத்திலோ அந்த உறுப்பினருக்காக இச்சங்கம் பேசாது. இம்முடிவுக்கு எதிராகப் பதிவான மாற்றுக்கருத்துகள் கூட்டக் குறிப்பேட்டில் உள்ளன, முடிவு மாற்றப்படவில்லை.