காதும் திருகாணியும் போதாது

பழைய மினி காரின் என்ஜினை மாற்றியமைப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. கேம்ஷாஃப்டை மாற்ற வேண்டும், ஹெட்டில் போர்ட் வேலை செய்ய வேண்டும், பெரிய கார்புரேட்டராகப் பார்த்துப் பூட்ட வேண்டும். பிறகு கைராசிக்கார மெக்கானிக் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு திருகாணியை அப்படியும் இப்படியும் திருப்பினால் வண்டி பறக்கும். பறக்காவிட்டால் பழி முழுவதும் கார்புரேட்டர் மேல் விழும்.

இந்த நம்பிக்கையில் உள்ள வாதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். எடுத்துக்காட்டு, மினியின் பி.எம்.சி. ஏ-சீரிஸ் என்ஜின். 1951-ல் ஆஸ்டின் ஏ30 காரில் வந்து, 1959-ல் 848 சிசி அளவில் மினிக்குள் புகுந்து, கூப்பர் எஸ்ஸில் 1275 சிசியாக வளர்ந்து, 2000 வரை உற்பத்தியில் இருந்த என்ஜின் இது. நம் அம்பாசடரில் ஓடிய பி-சீரிஸ் இதே குடும்பத்தின் பெரிய உருப்படி.

முதலில் இதன் எஸ்.யூ. கார்புரேட்டர் வேலை செய்யும் விதம். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க, என்ஜின் உறிஞ்சும் காற்றின் அளவுக்கேற்ப உள்ளேயிருக்கும் பிஸ்டன் மேலேறும். அதன் அடியில் மாட்டிய ஊசி, நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். பிஸ்டனோடு ஊசி ஜெட்டை விட்டு ஏற ஏற, பெட்ரோல் வரும் வழி அகலும். காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த ஊசியின் வடிவம்தான்.

“பெரிசு போட்டால்தான் பவர்”

கார்புரேட்டர் காற்றை உள்ளே தள்ளுவதில்லை. எவ்வளவு காற்று வேண்டும் என்பதை என்ஜினின் கொள்ளளவு, ஆர்.பி.எம்., கேம், போர்ட் ஆகியவை தீர்மானிக்கின்றன. அந்தக் காற்றைத் தடுக்காத அளவுக்கு வழி இருந்துவிட்டால், அதற்கு மேல் அகலப்படுத்துவதால் கிடைப்பது சொற்பம்.

“ஒன்றைவிட இரண்டு மேல்” என்பதையும் அளந்து பார்க்கலாம். ஒன்றே கால் அங்குல எஸ்.யூ. எச்.எஸ்.2 இரண்டின் வாய்ப் பரப்பைக் கூட்டினால் சுமார் 1580 சதுர மில்லிமீட்டர். 44 மி.மீ. எஸ்.யூ. எச்.ஐ.எஃப்.44 ஒன்றின் பரப்பு சுமார் 1520. வித்தியாசம் 4 சதவீதம்தான். இரட்டைக் கார்புரேட்டர் பார்க்க அழகு; ஆனால் அதை இரண்டு பக்கமும் ஒரே அளவு காற்று இழுக்கும்படி சமன் செய்து வைக்கும் வேலையும் இரட்டை.

வெபர் போல வென்சூரி அளவு மாறாத கார்புரேட்டரில் பெரிசு கெடுதலாகவே முடியலாம். 34 மி.மீ. சோக்கை (வென்சூரியை)க் கழற்றி 38 மி.மீ. சோக் போட்டால், அதே ஆர்.பி.எம்.மில் காற்றின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். பெட்ரோலை இழுக்கும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரியும். ஊருக்குள் ஓட்டும்போது பிக்கப் இல்லாமல் வண்டி திணறுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

“வெபர் போட்டால் எல்லாம் சரியாகும்”

வெபர் டி.சி.ஓ.இ. நல்ல கார்புரேட்டர் என்பதில் சந்தேகமில்லை. அதன் பெருமை, சிலிண்டருக்கு ஒரு குழல் என்று தனித்தனியே ஊட்டுவதில் இருக்கிறது. ஏ-சீரிஸ் ஹெட்டில் அதற்கு வழியே கிடையாது. நான்கு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் போர்ட்; ஒன்றும் இரண்டும் ஒரு போர்ட்டைப் பகிர்கின்றன, மூன்றும் நான்கும் இன்னொன்றை. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ஆகவே ஒரே போர்ட்டில் இரண்டு சிலிண்டர்கள் அடுத்தடுத்து இழுத்துவிட்டு, பிறகு நெடுநேரம் சும்மா இருக்கும். ஒரு 45 டி.சி.ஓ.இ.யைப் பூட்டினாலும் ஒவ்வொரு குழலும் இரண்டு சிலிண்டருக்குத்தான் ஊட்டும். விலை கொடுத்து வாங்கிய சிறப்பு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

அதற்கு மேல், வெபரை டியூன் செய்ய சோக், மெயின் ஜெட், ஏர் கரெக்டர், எமல்ஷன் ட்யூப், ஐடில் ஜெட், பம்ப் ஜெட் என்று ஆறு உருப்படிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். எஸ்.யூ.வில் ஊசி, ஸ்பிரிங், டேம்பர் ஆயில் மூன்றும் அமைந்தால் பெரும்பகுதி முடிந்தது. உச்ச ஆர்.பி.எம்.மிலேயே ஓடும் பந்தய என்ஜினில் வெபருக்குச் சற்று அனுகூலம் உண்டு. ஆனால் 1964 மான்டி கார்லோ ராலியை வென்ற கூப்பர் எஸ்ஸில் இருந்தது இரட்டை எஸ்.யூ.தான்.

“மிக்சரைத் திருகினால் சரியாகிவிடும்”

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. எஸ்.யூ. ஜெட்டின் துளை பொதுவாக 0.090 அங்குலம். அடியிலுள்ள ஆறு பட்டை நட்டை ஒரு பட்டை திருப்பினால் ஜெட் சுமார் 0.0064 அங்குலம் இறங்கும். ஸ்லோவில் (ஐடிலில்) ஜெட்டுக்குள் நிற்கும் இடத்தில் ஊசியின் விட்டம் 0.085 அங்குலம், முழு ஆக்சிலரேட்டரில் 0.065 அங்குலம், எட்டில் ஒரு அங்குல நீளத்துக்கு 0.0025 வீதம் மெலிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பட்டைத் திருப்பம் ஸ்லோவில் பெட்ரோல் வழியை 2.5 சதவீதம் கூட்டும். முழு ஆக்சிலரேட்டரில் 0.4 சதவீதம்தான் கூட்டும்.

அதாவது முழு ஆக்சிலரேட்டரில் கலவை 5 சதவீதம் ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) வேண்டுமென்று நட்டைத் திருப்பினால், ஸ்லோவில் ஏறத்தாழ 30 சதவீதம் ரிச்சாகிப் பிளக் கரி பிடிக்கும். ஸ்லோவைச் சரி செய்தால் முழு ஆக்சிலரேட்டரில் லீன் (பெட்ரோல் குறைவு) ஆகி, நாக்கிங் வந்து, என்ஜின் பிஸ்டனே ஓட்டையாகலாம். கேமையும் ஹெட்டையும் மாற்றிய என்ஜின், பழைய ஊசி அறியாத அளவுகளில் காற்றை இழுக்கிறது. மாற்ற வேண்டியது ஊசியை. எட்டில் ஒரு அங்குலத்துக்கு ஒரு விட்டம் என்று ஒவ்வோர் ஊசிக்கும் அளவுப் பட்டியல் அச்சில் கிடைக்கிறது. எந்த இடத்தில் லீன் என்று தெரிந்தால், அந்த இடத்தில் மெல்லிய ஊசியைப் பட்டியலில் தேடலாம்.

“காதும் பிளக் நிறமும் போதும்”

இதில் பாதி உண்மை. ஸ்லோவில் காதுக்கு இன்றும் வேலை உண்டு. கார்புரேட்டர் பிஸ்டனை முப்பத்திரண்டில் ஒரு அங்குலம் தூக்கும்போது என்ஜின் வேகமெடுத்து அப்படியே நின்றால் ரிச். அணையப் பார்த்தால் லீன். லேசாக ஏறி இறங்கினால் சரி. வால்வு ஓவர்லேப் அதிகமுள்ள கேமில் ஸ்லோவுக்கு இந்தச் சோதனை, எக்ஸாஸ்ட் வாயுவைக் கொண்டு கலவையை அளக்கும் லாம்டா மீட்டரை விட நம்பகமானது. எரியாத காற்று நேரே சைலன்சருக்குப் போய்விடுவதால் மீட்டர் லீன் என்று பொய் சொல்லும்.

ஆனால் லோடில் ஓடும்போது காற்று-பெட்ரோல் விகிதம் 12.8-ஐயும் 14-ஐயும் காதால் பிரித்தறிய முடியாது. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 12.5 முதல் 13 பங்கு வரை இருக்கும்போதுதான் முழு பவர் கிடைக்கும். 14 என்றால் மாற்றியமைத்த என்ஜின் சூடேறி ஆபத்தை நெருங்கும். ஈயமில்லாத பெட்ரோலில் பிளக் நிறமும் முன்போலத் தெளிவாகத் தெரிவதில்லை. அதிலும் வேகமாக ஓட்டிவிட்டு ஸ்லோவில் நிறுத்திய பிறகு கழற்றிய பிளக் காட்டுவது ஸ்லோவின் கதையை. எக்ஸாஸ்ட் குழாயில் ஒரு நட்டைப் பற்றவைத்து வைட்பேண்ட் சென்சார் மாட்டினால் சாலையிலேயே விடை கிடைக்கும். குழாயில் கசிவு இல்லாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

“கோளாறு கார்புரேட்டரில்தான்”

கார்புரேட்டரில் கை வைப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும். டேப்பட் கிளியரன்ஸ் புதிய கேமுக்குரிய அளவில் இருக்கிறதா, பாயிண்ட் இடைவெளியும் டைமிங்கும் சரியா, புதிய கம்ப்ரெஷனுக்கு ஏற்ப டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸ் மாற்றப்பட்டதா, தேய்ந்த த்ராட்டில் தண்டு வழியே காற்று புகுகிறதா என்று பார்த்து முடித்த பிறகே ஊசிக்கு வர வேண்டும். பிக்கப் தடுமாறினால் டேம்பரில் ஆயில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிஸ்டன் சட்டென்று எகிறாமல் பிடித்து, அந்தக் கணத்தில் கலவையை ரிச் ஆக்குவது அந்த ஆயில்தான்.

பெட்ரோலே மாறிவிட்டது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கலப்பற்ற பெட்ரோலுக்கு 14.7 என்றிருந்த சரிவிகிதம், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 13.5 அளவில் நிற்கிறது. இந்தியாவில் ஓடும் பழைய வண்டி எதையும் தொடாமலேயே 7, 8 சதவீதம் லீன் ஆகியிருக்கும். இதில் கார்புரேட்டரின் குற்றம் ஒன்றுமில்லை.

“பேசாமல் இன்ஜெக்‌ஷன் போட்டுவிடு”

குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கும், மலையேறும்போது கலவையைத் தானே திருத்திக்கொள்ளவும் இன்ஜெக்‌ஷன் மேல்தான். 1991-ல் மினியே அதற்கு மாறத் தொடங்கியது. ஆனால் மாற்றியமைத்த என்ஜினுக்கு ஆயத்த மேப் எதுவும் பொருந்தாது. அதையும் டைனோவில் ஏற்றி, ஒவ்வொரு லோடிலும் அளந்துதான் எழுத வேண்டும். ஊசியில் பித்தளையில் கடைந்த எண்களை அங்கே கணினியில் தட்டுகிறோம். அளக்க மனமில்லாதவருக்கு இன்ஜெக்‌ஷனும் கைகொடுக்காது.

எனவே பெரிய கார்புரேட்டருக்கோ இன்ஜெக்‌ஷனுக்கோ யாராவது விலை சொன்னால், முதலில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இப்போது உள்ளே இருப்பது எந்த ஊசி? முழு ஆக்சிலரேட்டரில் லாம்டா மீட்டர் என்ன காட்டியது? இரண்டுக்கும் பதில் வரும்வரை பணத்தை எடுக்க வேண்டாம். பதில் வந்துவிட்டால், பெரும்பாலும் ஓர் ஊசியின் விலையோடு வேலை முடிந்துவிடும்.