கன அடின்னா எந்தக் கன அடி?

மண்ணூர்பேட்டையில வீடு கட்டுற யாரா இருந்தாலும் ஒரு கட்டத்துல மரக்கணக்குல மாட்டித்தான் ஆகணும். நிலைக்கு இவ்வளவு, கதவுக்கு இவ்வளவுன்னு ஆசாரி சீட்டு எழுதிக் கொடுப்பார். நாமளும் கன அடி என்ன விலைன்னு பேரம் பேசுவோம். எந்தக் கன அடின்னு கேக்க மாட்டோம். என்னைக் கேட்டா விலைக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி அதுதான்.

அறுத்த பலகையில குழப்பமே இல்லை. நீளம், அகலம், கனம், பெருக்கிட வேண்டியதுதான். உருட்டு மரத்துக்குத்தான் வேற கணக்கு. மரத்தோட நடுவுல கயிறு சுத்தி சுற்றளவு எடுக்கணும், அதை நாலால வகுக்கணும், வந்ததை அதாலேயே பெருக்கி அப்புறம் நீளத்தால பெருக்கணும். கால் சுற்றளவு முறைன்னு பேர். எட்வர்ட் ஹாப்பஸ்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1736-ல இதுக்கு அட்டவணை போட்டுப் புத்தகமே வெளியிட்டார், அதனால ஹாப்பஸ் அளவுன்னும் சொல்வாங்க. நம்ம நாட்டு வனத்துறை டிப்போக்கள்லயும் ரொம்ப காலமா புழங்குறது இதுதான்.

48 அங்குலம் சுற்றளவு, 10 அடி நீளம் உள்ள மரத்தை எடுத்துக்குங்க. கால் சுற்றளவு 12 அங்குலம், அதாவது 1 அடி. கணக்கு 10 கன அடி. ஆனா பள்ளிக்கூடத்துல படிச்ச உருளைக் கணக்குப்படி அதே மரம் 12.73 கன அடி. நூத்துக்கு 21 பங்குக்கு மேல கணக்குலயே காணோம்!

'சதுரமா அறுத்தா ஓரம் வீணாப் போகுமே, அதுக்குத்தான் இந்தக் கழிவு' அப்படின்னு வியாபாரிங்க சொல்வாங்க. நியாயம்தான். அந்த மரத்துல முழுச் சதுரமா ஒரே கட்டை எடுத்தா 8 கன அடி சொச்சம்தான் தேறும். ஆனா ஓரத்தை யாரும் தூக்கிப் போடறதில்லையே, அதுவும் ரீப்பரா காசாகுது :-)

இதை அரசாங்க மோசடின்னு சொல்ல வரலை. டிப்போ ஏலத்துல கேக்குற வியாபாரிக்கு இந்தக் கணக்கு அத்துப்படி, அதுக்குத் தகுந்த மாதிரிதான் விலை கேப்பான். அடி வாங்குறது வரப்புல நாலு தேக்கு வெச்சிருக்குற விவசாயி. கடையில அறுத்த தேக்கு விலையை விசாரிச்சுட்டு வந்து, 'கூலி, வண்டி எல்லாம் கழிச்சா நமக்கு இவ்வளவு வரணும்'னு மனக்கணக்குப் போடுவார். அவர் நினைக்கிற கன அடி வேற, வாங்குறவன் கயிறு சொல்ற கன அடி வேற. போதாக்குறைக்கு 48-ஐ 46-னு படிச்சா 10 கன அடி 9.18 ஆயிடும். ரெண்டு அங்குலத்துல எட்டு பங்கு போச்சு.

அளவும் விலையும் ஒரே கையில இருந்தா என்ன ஆகும்கிறதை நம்ம பழைய சென்னை ராஜதானியே பார்த்திருக்கு. கப்பல் கட்டத் தேக்கு வேணும்னு கிழக்கிந்தியக் கம்பெனி 1806-ல கேப்டன் வாட்சன்கிற போலீஸ் அதிகாரியை மலபார் காடுகளுக்குக் கன்சர்வேட்டரா போட்டது. தேக்கு கம்பெனி சொத்துன்னு அறிவிப்பு வந்தது. தன் நிலத்து மரத்தையே வெட்டி விக்க முடியாம நிலக்காரங்களும் வியாபாரிகளும் புலம்பித் தீர்த்தாங்க. 1823-ல கவர்னர் தாமஸ் மன்றோ அந்த ஏற்பாட்டையே எடுத்துட்டார். (அதுக்கப்புறம் கேட்பாரில்லாம காடு மொட்டையாகி, 1840-கள்ல கனோலியும் சாத்து மேனனும் நிலம்பூர்ல தேக்கு நட வேண்டி வந்தது தனிக் கதை. மன்றோ செஞ்சது முழுக்க சரின்னும் சொல்ல மாட்டேன்.) அப்புறம் 1856-ல கிளெக்ஹார்ன் தலைமையில சென்னை வனத்துறை, 1882-ல வனச் சட்டம். யார் வெட்டலாம், யார் வண்டியில ஏத்தலாம்னு விதிக்கு மேல விதி வந்தது. பட்டா நிலத்துக்காரன் கயிறு பிடிக்கிறவன்கிட்ட என்ன கேக்கலாம்கிறதுக்கு மட்டும் இத்தனை பேச்சு நடக்கலை.

கன மீட்டருக்கு மாறிட்டா சரியாயிடுமா? எடை அளவைச் சட்டப்படி மெட்ரிக்லதான் விக்கணும், அது வேற விஷயம். ஆனா வெளிநாட்டுத் தேக்கு இறக்குமதியில ஹாப்பஸ் கன மீட்டர்னே ஒண்ணு வெச்சிருக்காங்க! அலகு மாறும், கழிவு மாறாது.

நான் கேக்குறது சின்ன விஷயம். உருட்டு மரம் வாங்குற ஒவ்வொரு ரசீதுலயும் நீளம், நடுச் சுற்றளவு, பட்டையோட அளந்ததா பட்டை நீக்கி அளந்ததா, எந்த முறைக் கணக்கு, இந்த நாலும் இருக்கணும். வனத்துறை ஏலப் பட்டியல்லயும் ஹாப்பஸ் அளவுக்குப் பக்கத்துலயே முழுக் கன அளவையும் போடட்டும். ஒரு பெருக்கல் எக்ஸ்ட்ரா, 1.273 ஆல, அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பழகினா விவசாயியும் தன் மரத்துக்கு அதே கேள்வியைக் கேப்பார்.

மரக்கடை வெச்சிருக்குறவங்க, தோப்பு வெச்சிருக்குறவங்க யாராவது இதைப் படிச்சா, உங்க பக்கம் பட்டைக்கு எத்தனை அங்குலம் கழிக்கிறாங்கன்னு சொல்லுங்க. ஊருக்கு ஊர் மாறும்னு நினைக்கிறேன்.