நினைவகம் கூடிய வரைகலை அட்டை: கொடுக்கும் பணத்துக்குப் பெறுமதி உண்டா?

வரைகலை அட்டை வாங்கச் செல்பவரின் கண்ணில் முதலில் படுவது, பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் நினைவகத்தின் அளவுதான். சில்லின் பெயரிலுள்ள இலக்கங்கள் பலருக்கும் விளங்குவதில்லை. ஆனால் 8 ஐ விட 16 பெரிது என்பது எல்லோருக்கும் விளங்கும். விற்பனையாளருக்கும் இது வசதியாகப் போய்விட்டது. பத்திரிகையில் தலைப்பைப் பெரிதாகப் போட்டுவிட்டால் செய்தி பெரிதாகிவிடாது என்பதை நாம் அறிவோம். இங்கும் அதே கதைதான்.

வரைகலைச் சில்லை வடிவமைக்கும் கம்பனி வேறு, அட்டையைத் தயாரித்து விற்கும் கம்பனிகள் வேறு. சில்லை என்விடியாவோ ஏஎம்டியோ வழங்குகிறது. பங்காளிக் கம்பனிகள் தமது விசிறிகளைப் பொருத்தி, வேகத்தைச் சற்றுக் கூட்டி, சில வேளைகளில் நினைவகத்தையும் அதிகரித்துச் சந்தைக்கு விடுகின்றன. நடுத்தர விலைப் பிரிவில் இந்த வழக்கம் இன்று நேற்றுத் தொடங்கியதல்ல.

2007 ஏப்ரலில் வெளியான ஜிபோர்ஸ் 8600 ஜிடி அட்டையை எடுத்துக்கொள்வோம். 256 மெகாபைட் ஜிடிடிஆர்3 நினைவகத்துடன் வந்த அட்டையில் தரவு வினாடிக்கு 22.4 ஜிகாபைட் என்ற வேகத்தில் பாய்ந்தது. பின்னர் சில தயாரிப்பாளர்கள் விலை குறைந்த டிடிஆர்2 சில்லுகளைப் பொருத்தி, 512 மெகாபைட் என்றும் 1 ஜிகாபைட் என்றும் விளம்பரப்படுத்தினர். அவற்றில் வேகம் 12.8 ஜிகாபைட்டாகச் சுருங்கியது. களஞ்சியத்தைப் பெரிதாகக் கட்டிவிட்டு, அதற்குச் செல்லும் வீதியை ஒழுங்கையாக்கிய கதை இது. கூடிய பணம் கொடுத்து மெதுவான அட்டையை வாங்கியவர்கள் பலர். 2018 இல் வந்த ஜிடி 1030 டிடிஆர்4 அட்டையிலும் இதுவே நடந்தது. பெயர் அதே பெயர், நினைவகம் அதே 2 ஜிகாபைட். ஆனால் வேகம் மட்டும் 48 இலிருந்து 16.8 ஜிகாபைட்டுக்கு இறங்கியிருந்தது.

அப்படியானால் கூடுதல் நினைவகம் வெறும் ஏமாற்றுத்தானா? அன்று பெரும்பாலும் ஆம். இன்று அப்படிச் சொல்ல முடியாது.

2023 மே மாதத்தில் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ 8 ஜிகாபைட்டுடன் 399 டொலருக்கு வந்தது. ஜூலையில் அதே சில்லு 16 ஜிகாபைட்டுடன் 499 டொலருக்கு வந்தது. இரண்டிலும் 128 பிட் பாதை, வினாடிக்கு 288 ஜிகாபைட் வேகம். ஒவ்வொரு நினைவகத் தடத்திலும் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு சில்லுகளைப் பொருத்தி அளவை இரட்டித்தார்கள். அதனால் கொள்ளளவு கூடியதே தவிர வேகம் கூடவில்லை. பெரும்பாலான விளையாட்டுகளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மேலும் 100 டொலர் சேர்த்தால், 192 பிட் பாதையும் 504 ஜிகாபைட் வேகமும் கொண்ட ஆர்டிஎக்ஸ் 4070 கிடைத்தது. ஆகவே அந்த விலையில் 16 ஜிகாபைட் அட்டையை வாங்கச் சொல்ல நியாயம் இருக்கவில்லை.

ஆனால் அதே 2023 இல் கணினிக்கு வந்த 'தி லாஸ்ட் ஒஃப் அஸ்' முதலாம் பாகம் போன்ற விளையாட்டுகள், உயர்ந்த தரத்தில் 8 ஜிகாபைட் அட்டைகளைத் திணறவைத்தன. நினைவகம் நிரம்பியதும் மிகுதித் தரவு கணினியின் பிரதான நினைவகத்துக்குத் தள்ளப்படுகிறது. அங்கிருந்து அதைத் தாய்ப்பலகையின் செருகி வழியாகவே கொண்டுவர வேண்டும். நடுத்தர அட்டைகள் பலவற்றில் அந்த வழிக்கு எட்டுத் தடங்கள் மட்டுமே உண்டு. பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 கொண்ட பழைய தாய்ப்பலகையில் அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 8 ஜிகாபைட். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ அட்டையின் சொந்த நினைவகமோ 448 ஜிகாபைட் வேகத்தில் இயங்குவது. காட்சி தடுமாறி நிற்பதற்கு இதுவே காரணம்.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. பழைய கணினிக்குப் புத்துயிர் கொடுக்க எண்ணுபவர்தான் பெரும்பாலும் நடுத்தர அட்டையை நாடுகிறார். பணம் போதாமல் 8 ஜிகாபைட் அட்டையை எடுப்பவரும் அவரே. அந்த அட்டை மிக மோசமாகத் திணறுவதும் அவருடைய கணினியில்தான்.

2025 இல் விலை இடைவெளி குறைந்தது. ஏப்ரலில் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 379 டொலருக்கும் 429 டொலருக்கும், ஜூனில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 299 டொலருக்கும் 349 டொலருக்கும் வெளியாகின. 8 இலிருந்து 16 க்குச் செல்ல 50 டொலர். நான்கைந்து ஆண்டுகள் பாவிக்கப்போகும் பொருளுக்கு அந்த 50 டொலர் வீணல்ல என்பதே எனது கருத்து. வீட்டுக் கணினியிலேயே செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை இயக்க விரும்பும் மாணவருக்கு இது இன்னும் பொருந்தும். 700 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரியை, அளவுருவுக்கு 2 பைட் வீதம் ஏற்றினால் 14 ஜிகாபைட் தேவை. அங்கே 8 ஜிகாபைட் வாசலிலேயே நின்றுவிடும்.

ஆனாலும் அறிவித்த விலையை நம்பிக் கடைக்குப் போக வேண்டாம். தரவு மையங்களின் தேவை பெருகியதால் 2025 இன் இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியது. கடையில் இரண்டு அட்டைகளுக்கும் அடுத்த படியிலுள்ள அட்டைக்கும் அன்றைய விலையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூடுதல் நினைவகத்துக்குக் கேட்கும் பணம் அடுத்த படிக்கு ஏறும் பணத்தை நெருங்குமானால், முதலில் அந்தப் படியைப் பற்றி யோசியுங்கள்.

பெயரிலும் கவனம் தேவை. 2016 இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 இன் 3 ஜிகாபைட் அட்டையில் நினைவகம் மட்டுமல்ல, கணிப்புக் கருக்களும் 1280 இலிருந்து 1152 ஆகக் குறைக்கப்பட்டிருந்தன. ஆர்டிஎக்ஸ் 3060 இன் 8 ஜிகாபைட் அட்டையில் பாதை 192 பிட்டிலிருந்து 128 ஆகச் சுருக்கப்பட்டது. இரு வேறு பொருள்களுக்கு ஒரே பெயர் சூட்டுவது வாங்குபவரை இருட்டில் வைப்பதாகும். 2022 இல் 12 ஜிகாபைட் ஆர்டிஎக்ஸ் 4080 ஐ அறிவித்த என்விடியா, கண்டனங்களின் பின் ஒக்டோபரில் அதனை மீளப்பெற்று, 2023 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ என்ற பெயரில் வெளியிட்டது. வாங்குபவர்கள் குரல் எழுப்பினால் கம்பனிகள் செவிசாய்க்கும் என்பதற்கு இது சாட்சி. அப்படியிருந்தும் 2025 இல் 5060 டிஐயின் 8 ஜிகாபைட் அட்டைகள் வெளியீட்டுக்கு முன் தமக்குத் தரப்படவில்லை என விமர்சகர்கள் பலர் பகிரங்கமாகக் கூறினர். பரீட்சிக்கக் கொடுக்கத் தயங்கும் பொருளை விற்கத் தயங்காதது ஏன் என்று கேட்பது பத்திரிகையாளரின் கடமை மட்டுமல்ல, பணம் கொடுப்பவரின் உரிமையும் ஆகும்.

இன்னொன்று, பழைய அட்டையின் சில்லுகளைக் கழற்றிப் பெரிய சில்லுகளைப் பற்றவைத்து விற்கும் பட்டறை அட்டைகள். சீனாவிலிருந்து 11 ஜிகாபைட் ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ இவ்வாறு 22 ஜிகாபைட்டாக வருகிறது. வேலை தெரிந்தவர் செய்தால் இயங்கும். ஆனால் மூலக் கம்பனியின் உத்தரவாதம் கிடையாது. பழுதானால் போட்ட முதல் போனதுதான். சேமிப்பைத் திரட்டி ஒரேயொரு அட்டை வாங்குபவர் இந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

ஆகவே பெட்டியிலுள்ள பெரிய இலக்கத்தைப் பார்த்தபின் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நினைவகம் எந்த வகை? பாதை எத்தனை பிட்? கருக்கள் எத்தனை? இம்மூன்றும் குறையாமல் நினைவகம் மட்டும் கூடியிருந்து, விலை வித்தியாசமும் நியாயமாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். விடை சொல்ல விற்பனையாளர் தடுமாறினால், பணப்பையைத் திறக்காமல் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.