புளிச்ச மாவுக்கு ஒரு பேரு

முதல்லயே சொல்லிடறேன். இது ரொட்டி சுடுவது எப்படின்னு சொல்ற சமையல் குறிப்பு இல்ல. அதுக்கு ஆயிரம் வீடியோ இருக்கு. அந்த ரொட்டிக்கெல்லாம் ஆதாரமா ஒரு பாட்டில்ல கொழகொழன்னு உக்காந்திருக்குமே சவர்டோ ஸ்டார்ட்டர், அதுக்கு என்ன பேர் வைக்கலாம்ங்கிறதுதான் இன்னிக்கு மேட்டர். "ஆபீஸ்ல ஆணி புடுங்காம மாவுக்குப் பேர் வைக்கிறானாம்"னு சிரிக்கிறவங்க நல்லா சிரிச்சிட்டு வாங்க, காத்திருக்கேன் :-)

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கோதுமை மாவையும் தண்ணியையும் சம எடையில கலந்து மூடி வைக்கணும். தினமும் அதுல கொஞ்சம் மட்டும் வெச்சுக்கிட்டு, புது மாவும் தண்ணியும் சேர்த்துக்கிட்டே வரணும். ஒண்ணு ரெண்டு வாரத்துல ஈஸ்ட்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் அதுல குடித்தனம் பண்ண ஆரம்பிச்சு, மாவு தானா பொங்கும். அப்புறம் கடை ஈஸ்ட்டே வேணாம். என்னோட கணக்கு 50 கிராம் பழைய மாவு, 50 கிராம் புது மாவு, 50 கிராம் தண்ணி. ஃப்ரிட்ஜ்ல வெச்சா வாரத்துக்கு ஒரு தடவை சோறு போட்டா போதும். ஒழுங்கா போட்டா நமக்கப்புறமும் இருக்கும். மறந்துட்டா மேல சாம்பல் கலர்ல தண்ணி நிக்கும். இன்னும் மறந்தா பூஞ்சை. அப்புறம் குப்பைத்தொட்டி.

வாராவாரம் சோறு கேக்குற ஜந்துங்கிறதால இதுக்குப் பேர் வைக்கிற பழக்கம் பல ஊர்ல இருக்கு. 2020 லாக்டவுன்ல வீட்டுக்கு வீடு மாவு பொங்கினப்ப இந்தப் பேருங்களும் சேர்ந்து பொங்கிச்சு. க்ளின்ட் ஈஸ்ட்வுட், ப்ரெட் பிட், வின்சென்ட் வான் டோ. முதல் தடவை கேட்டப்ப நானும் சிரிச்சேன். நாலாவது ப்ரெட் பிட்டைப் பார்த்தப்ப கொட்டாவிதான் வந்துச்சு. என் கட்சி இதுதான்: பேர் வேடிக்கையா இருக்கட்டும், ஆனா ஜோக் செத்ததுக்கு அப்புறமும் பேர் உயிரோட இருக்கணும். ஏன்னா அந்தப் பேருக்கு ஒரு வேலை இருக்கு.

என்ன வேலை? அதுக்கு எங்க அம்மாவோட உறைமோர்கிட்ட போகணும். யோசிச்சுப் பார்த்தா தயிருக்கு உறை குத்துறதும் இதே டெக்னிக்தான். நேத்து தயிர்ல ஒரு ஸ்பூன், இன்னிக்குப் பால்ல. எங்க வீட்டுத் தயிர் நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே ஓடிட்டு இருந்த தயிர். ஊருக்குப் போறப்ப எதிர் வீட்டு மாமிகிட்ட ஒரு கிண்ணம் குடுத்துட்டுப் போவாங்க, திரும்பி வந்ததும் அதுல இருந்து உறைக்கு வாங்கிப்பாங்க. அதுக்கு யாரும் பேர் வெச்சதில்ல, பர்த்டே கொண்டாடினதில்ல. "பேரே இல்லாம முப்பது வருஷம் ஓடுது, உன் மாவுக்கு மட்டும் என்னடா கேடு?"ன்னு கேட்டா, அது நியாயமான கேள்விதான்.

என் பதில்: தயிர் தினமும் தட்டுல வந்து விழுது. மறக்கணும்னு நெனச்சாலும் மறக்க முடியாது. சான்ஃபிரான்சிஸ்கோவுல பூடின்னு ஒரு பேக்கரி, 1849-ல ஆரம்பிச்சது. 1906 பூகம்பத்தப்போ லூயிஸ் பூடின்ங்கிற அம்மா ஒரு வாளியில அந்த மாவை எடுத்துக் காப்பாத்தினாங்கன்னு அந்த பேக்கரிக்காரங்க பெருமையா சொல்வாங்க. அதை அவங்க தாய் மாவுன்னுதான் சொல்றாங்க, செல்லப்பேர் எல்லாம் கிடையாது. தேவையும் இல்ல. அங்க அதைப் பார்த்துக்கிறதே பொழப்பு.

நான் இருக்கிறது அங்கிருந்து கார்ல ஒரு மணி நேரம் தள்ளி, சன்னிவேல்ல. ரெண்டு பேச்சிலர் பசங்க, ஒரு ஃப்ரிட்ஜ். மாசக் கடைசியில ரிலீஸ் வந்தா நாங்க சாப்பிட்டோமான்னே எங்களுக்கு ஞாபகம் இருக்காது. பழக்கமும் இல்ல, பொழப்பும் இல்ல. அந்த ரெண்டும் செய்ய வேண்டிய வேலையை இங்க பேர்தான் செஞ்சாகணும். ஊர்ல இல்லாதப்ப ரூம்மேட்டுக்கு "மச்சி, ஃப்ரிட்ஜ்ல இருக்கிற ஸ்டார்ட்டருக்கு மாவு சேர்த்துடு"ன்னு மெசேஜ் அனுப்பினா, "பாக்கறேன்டா"ன்னு பதில் வரும். அது இன்னொரு டிக்கெட், க்யூல கடைசியில நிக்கும். "உப்பிலிக்குச் சோறு போட்டியா?"ன்னு அனுப்பினா பத்து நிமிஷத்துல போட்டோ வருது. வித்தியாசம் ஒரு பேர்தான்.

பேர் வைக்கிற விஷயத்துல நம்ம பொட்டி தட்டுற ஜாதிக்கு ஒரு வேத புத்தகமே இருக்கு. ஆர்.எஃப்.சி. 1178. கம்ப்யூட்டருக்கு எப்படிப் பேர் வைக்கணும்னு டான் லிபெஸ்ங்கிறவர் 1990-ல எழுதின அறிக்கை. ஒவ்வொரு மெஷினுக்கும் ஆசையாப் பேர் வெச்ச காலம் அது. இப்ப சர்வரெல்லாம் நம்பர் போட்ட ஆட்டுமந்தை, ஒண்ணு போனா இன்னொண்ணு. ஆனா அந்த அறிவுரை மாவுக்கு அப்படியே பொருந்துது. நான் ஒட்டவெச்சுப் பார்த்ததுல நாலு மட்டும் சொல்றேன்.

ஒண்ணு, எழுத்தை மாத்தி விளையாடாதீங்கன்னு சொல்றார். ஈஸ்ட்வுட், வான் டோ எல்லாம் இங்கயே அவுட். அந்த ஜோக் எழுத்துலதான் இருக்கு. போன்ல அம்மாகிட்ட சொன்னா வெறும் நடிகர் பேர், அவ்ளோதான்.

ரெண்டு, இன்னிக்கு அந்த மெஷின் செய்யற வேலையைப் பேரா வைக்காதீங்க, நாளைக்கு வேலை மாறும். "மைதா ராஜா"ன்னு வெச்சுட்டு அடுத்த மாசம் முழுக்கோதுமைக்கு மாறினா என்ன பண்ணுவீங்க? விஞ்ஞானிகளே இதுல மாட்டியிருக்காங்க. சவர்டோவுல இருக்கிற ஒரு முக்கியமான பாக்டீரியாவுக்கு 1971-ல சான்ஃபிரான்சிஸ்கோ பேரையே வெச்சாங்க. அப்புறம் பார்த்தா அது ஐரோப்பாவுல பல ஊர் மாவுலயும் இருக்கு. 2020-ல அதோட குடும்பப் பேரைக்கூட மாத்திட்டாங்க, ஊர் பேர் மட்டும் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

மூணு, கூச்சப்பட வைக்கிற பேர் வேணாம். ஆண்டனி போர்டைன் 2000-ல எழுதின புத்தகத்துல வர்ற ஒரு பேக்கர் தன் மாவை ஒரு கெட்ட வார்த்தையாலதான் குறிப்பிடுவார். படிக்க ஜாலியா இருக்கு. ஆனா வீடியோ கால்ல அம்மா இருக்கிறப்ப ரூம்மேட்டைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா? அவ்வ்வ்வ்.

நாலு, சின்னதா, நிஜமான ஒரு வார்த்தையா இருக்கணும். 1980கள்ல ஜெர்மனியில ஹெர்மன்னு ஒரு இனிப்பு மாவு சங்கிலிக் கடிதம் மாதிரி சுத்திச்சு. பத்து நாள் வளர்த்து, பங்கு போட்டு, தெரிஞ்சவங்களுக்குக் குடுக்கணும். சாதாரண மனுஷப் பேர், ஜோக்கே கிடையாது. அதனாலயே கை மாறக் கை மாற நின்னுச்சுன்னு எனக்குத் தோணுது.

இந்த நாலுலயும் பாஸான பேர்தான் உப்பிலி. ஸ்டார்ட்டர்ல உப்பு போடறதில்ல, ரொட்டிக்குப் பிசையறப்பதான் சேர்ப்போம். உப்பு இல்லாததும் உப்பிலி, உப்பிக்கிட்டு வர்றதும் உப்பிலி. ஜோக் புரியலைன்னாலும் கும்பகோணம் பக்கம் நிஜமா மனுஷங்களுக்கு இருக்கிற பேர்.

இங்கதான் அம்மா ஒரு செக் வெச்சாங்க. திருநாகேஸ்வரத்துல உப்பிலியப்பனுக்கு உப்பில்லாமதான் நைவேத்தியம், அதனால பேர் பொருத்தம்னு பெருமையா சொன்னேன். அவங்க ஒரே கேள்விதான் கேட்டாங்க: "ஏண்டா, 150 கிராமாக்கி 50 கிராம்தான் வெச்சுக்கணும்ங்கறியே, மிச்சத்தை என்ன பண்ணுவ? பெருமாள் பேரை வெச்சுட்டு வாராவாரம் சிங்க்ல ஊத்துவியா?"

சவர்டோ வளர்க்கிறவங்க பொதுவா ஊத்துறாங்கதான். பேர் இல்லாத மாவா இருந்தா நானும் ரெண்டாவது தடவை யோசிக்காம ஊத்தியிருப்பேன். "வேற பேர் வை, இல்ல ஊத்தறதை விடு"ன்னாங்க அம்மா. பேரை விட மனசு வரல. அதனால ரொட்டி சுடாத வாரமெல்லாம் அந்த 100 கிராம்ல அரிசி மாவு, வெங்காயம், பச்சமிளகா, உப்பு போட்டுக் கரைச்சு தோசை. மொறுமொறுன்னு வருது, ரூம்மேட்டுக்கு ரொட்டியை விட அதுதான் இஷ்டம். "உப்பு போட்டுட்டியே, இன்னும் அது உப்பிலியாடா?"ன்னு ஒரு சந்தேகம் வேற கேட்டான். சாய்ஸ்ல விட்டுட்டேன் :-)

நான் சொல்ல வந்ததே இதுதான். நல்ல பேர் நம்மளை வேலை வாங்கும். ப்ரெட் பிட்டை சிங்க்ல ஊத்தினா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மூணுல ஒரு பங்குதான் தங்குது. பத்து தடவை சோறு போட்டா முதல் நாள் மாவு 59,049-ல ஒரு பங்குதான் மிச்சம். பாக்டீரியா மட்டும் அப்படியே இருக்கும்னும் சத்தியம் பண்ண முடியாது, அதுவும் கால ஓட்டத்துல மாறலாம். அப்ப பாட்டில்ல தொடர்ந்து இருக்கிறது என்ன? யாரோ ஒருத்தர் விடாம சோறு போட்டிருக்காங்கங்கிற விஷயமும், கூப்பிடுற பேரும்தான். ஓரிகன்ல கார்ல் க்ரிஃபித்னு ஒருத்தர், 1847-ல தன் குடும்பம் கொண்டு வந்த மாவுன்னு கேட்டவங்களுக்கெல்லாம் இலவசமாக் குடுத்தார். அவர் 2000-ல இறந்த பிறகும் அவரோட நண்பர்கள் பல வருஷம் அதைத் தபால்ல அனுப்பிட்டு இருந்தாங்க. அந்த மாவுல 1847 மாவு ஒரு துகள்கூட இருந்திருக்காது. ஆனா அது கார்லோட மாவு.

அடுத்த மாசம் ரூம்மேட்டுக்கு சியாட்டில்ல வேலை. சாமான் பிரிக்கறப்ப டிவி எனக்கு, மிக்ஸி அவனுக்குன்னு சுலபமா முடிஞ்சுது. உப்பிலியை ஆளுக்குப் பாதி. "மச்சி, என் பாதிக்கு வேற பேர் வைக்கணுமாடா?"ன்னு கேட்டான். இன்னொருத்தர் வெச்ச பேரையே வெச்சுக்கலாம், கவலை வேணாம்னு ஆர்.எஃப்.சி.யிலயே இருக்குன்னு சொன்னேன். பயல் உடனே ஒரு சின்ன பாட்டிலைக் கழுவி, லேபிள் ஒட்டி, தமிழ்லயே "உப்பிலி"ன்னு எழுதிட்டான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போட்டோ அனுப்பணும்னு ஒப்பந்தம்.

டிஸ்கி: உங்க வீட்டு உறைமோர், இட்லி மாவு, ஸ்டார்ட்டர் எதுக்காவது பேர் வெச்சிருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. ப்ரெட் பிட்னு சொல்றவங்களுக்கு தோசை கிடையாது.