சலுகைக்கு ஈடாக எதை எழுதி வாங்குகிறோம்?

அந்நிய முதலீடு வேண்டாம் என்பது நம் வாதம் அல்ல. படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நிறைந்த தமிழகத்தால் அப்படிச் சொல்லவும் முடியாது. ஆனால் என்னென்ன கொடுத்து ஒரு நிறுவனத்தை அழைக்கிறோம், பதிலுக்கு எதை எழுதி வாங்குகிறோம் என்பதை அரசு மக்களிடம் சொல்லியாக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் பட்ட பாடு இதற்குப் போதுமான காரணம்.

2005-இல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட நோக்கியா, அடுத்த ஆண்டே அங்குள்ள சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் செல்போன் உற்பத்தியைத் தொடங்கியது. மாநில அரசு வரிச் சலுகை தந்தது. மத்திய சட்டமோ, இத்தகைய மண்டலங்களின் ஏற்றுமதி லாபத்துக்கு முதல் ஐந்தாண்டுகள் முழு வருமான வரி விலக்கும், அடுத்த ஐந்தாண்டுகள் பாதி விலக்கும் அளித்தது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் அங்கே நேரடியாக வேலை பார்த்தார்கள். 2013-இல் வருமான வரித் தகராறு மூண்டு சொத்துகள் முடக்கப்பட்டன. மறு ஆண்டு நோக்கியாவின் செல்போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட், இந்த ஆலையை எடுத்துக்கொள்ளவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது.

வரி கேட்டது தவறில்லை. அது அரசின் உரிமை. நெஞ்சைச் சுடுவது வேறு. பிளஸ் டூவும் ஐ.டி.ஐ.யும் முடித்த கையோடு வேலைக்கு வந்து, இருபத்தைந்து வயதைத் தொட்டும் தொடாமலும் இருந்தவர்கள் ‘விருப்ப ஓய்வு’ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வீட்டுக் கடனும் தங்கையின் கல்யாணமும் அந்தச் சம்பளத்தை நம்பியிருந்தன. ஆலை போனால் இவர்கள் கதி என்ன என்ற கேள்விக்கு அன்று யாரிடமும் விடை இல்லை.

அதே வட்டாரத்தில், 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் நோயுற்ற ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்த பிறகுதான் அவர்கள் தங்கியிருந்த இடங்களின் நிலை வெளியே தெரிந்தது. 2024-இல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது. மனமாரப் பாராட்டுகிறோம். வரித் தள்ளுபடியை எந்த மாநிலமும் தர முடியும். தங்க இடமும் தண்ணீரும் பயிற்சி பெற்ற கைகளும் கிடைக்கும் ஊரை விட்டு நிறுவனங்கள் எளிதில் நகர்வதில்லை. சலுகைப் பணம் இனி அந்த வழியில் போகட்டும். ஆனால், அதே 2024-இல் சாம்சங் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்யவே ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. சங்கம் வைக்கும் உரிமையைச் சட்டம் தந்திருக்கிறது. முதலீட்டாளர் முகம் சுளிப்பாரோ என்று அரசு அதில் தயங்கக் கூடாது.

முதலீட்டு ஒப்பந்தங்கள் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். தருகிற சலுகை, தருவதாகச் சொன்ன வேலை, அதில் நிரந்தரம் எத்தனை, காண்ட்ராக்ட் எத்தனை என்ற கணக்கு ஆண்டுதோறும் வெளிவர வேண்டும். சலுகைத் தொகையில் ஒரு பங்கைத் தொழிலாளர் பாதுகாப்பு நிதியாக ஒதுக்கி, ஆலை மூடும் நாளில் அது அவர்கள் கைக்கே போய்ச் சேரும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அடுத்த முதலீட்டாளர் மாநாட்டில் கையெழுத்தாகும் முதல் ஒப்பந்தத்திலேயே இதைத் தொடங்கலாம்.