எங்களை யார் கேட்டது?

ரொறன்ரோவில் தமிழர் எத்தனை பேர் என்று எந்த மேடையில் கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது: மூன்று இலட்சம். தேர்தலில் நிற்பவர் வந்தால் மூன்று இலட்சம், பொங்கல் விழாவுக்கு அமைச்சர் வந்தால் மூன்று இலட்சம், வானொலிக்கு விளம்பரம் பிடிக்கப் போனாலும் அதே மூன்று இலட்சம். 2016 குடிசன மதிப்பீட்டில் தமிழைத் தாய்மொழி என்று எழுதியவர்கள் கனடா முழுவதற்குமாக ஒன்றரை இலட்சத்தை ஒட்டித்தான் வந்தார்கள். 2021 இல் தமிழ் பேசத் தெரியும் என்றவர்களைக் கூட்டியபோதும் இரண்டேகால் இலட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது; அதுவும் கனடா முழுவதற்கும். படிவம் நிரப்பாதவர்கள் உண்டு, வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் பேஸ்மென்றில் இருப்பவர்கள் உண்டு. அதெல்லாம் எமக்கும் தெரியும். எமது கேள்வி வேறு. அந்த மூன்று இலட்சத்தை எண்ணியது யார்?

எண்ணாமலே தொகை சொல்லப் பழகியவர்கள் கேளாமலே கருத்தும் சொல்லப் பழகிவிட்டார்கள். 'எமது மக்கள் விரும்புகிறார்கள்', 'எமது மக்கள் ஏற்கமாட்டார்கள்' என்று அறிக்கைகள் வருகின்றன. மக்களிடம் போனவர் எவருமில்லை.

ஒருமுறையும் கேட்கவில்லை என்றால் அது பொய். 2009 டிசெம்பர் 19 ஆம் திகதி, முள்ளிவாய்க்கால் முடிந்து ஏழு மாதத்தில், வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் மீது கனடாவில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 48,000 பேருக்கு மேல் வாக்களித்தார்கள், 99.8 வீதம் 'ஆம்'. தீர்மானத்தின் சரிபிழை இங்கு எமது விவாதமல்ல. மார்கழிக் குளிரில் வரிசையில் நின்ற முதியவர்களின் துயரத்தை எள்ளி நகையாடவும் நாம் தயாரில்லை. ஆனால் பதில் முன்கூட்டியே தெரிந்த ஒரேயொரு கேள்வியைக் கேட்டுவிட்டு, அதைக் கொண்டே வருடக்கணக்காக எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்வது என்ன நியாயம்? மூன்று இலட்சம் என்றால், சிறுவர்களைக் கழித்த பின்னும், மிச்சப் பேர் அன்று எங்கே நின்றார்கள் என்றுகூட எவரும் விசாரிக்கவில்லை.

இந்த இலட்சணத்தில்தான் மல்வேர்ன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை, தனது தோழிகள் இருவருடன், ஒரு சங்கத்தின் கூட்டத்துக்கு வந்தார். கையில் ஒரு வினாக்கொத்து. தமிழ் வீடுகளில் சாதி பற்றி என்ன பேசப்படுகிறது என்பது விடயம். விரும்பியவர்கள் பதில் எழுதலாம், பேச விரும்புகிறவர்களின் குரலை ரெலிபோனில் பதிந்து பொட்காஸ்ட்டாக வெளியிடுவோம் என்றார். பெயரும் ஊரும் கேட்கமாட்டோம் என்றும் சொன்னார். மண்டபம் பொங்கியது. "இவையளுக்கு என்ன தெரியும்? ரெலிபோனைத் தூக்கிக்கொண்டு வந்திட்டினம்." "இஞ்சை ஆர் சாதி பாக்கினம்? இல்லாததை ஏன் பிள்ளை கிளறுறீர்?" வெள்ளைக்காரனுக்கு எங்களைக் காட்டிக் கொடுக்கிற வேலை என்று ஒருவர் முடித்துவைத்தார். 'துரோகி' என்ற சொல் வரவில்லை. பிள்ளைக்கு வயது பதினேழு என்பதால் தயங்கியிருக்கலாம்.

எமது சனத்துக்குக் கருத்துக்கணிப்புப் புதிது என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். 'நீங்கள் ஊரிலை எவடம்?' என்பது முதலாவது கேள்வி. 'எந்தக் கோயிலடி?' என்பது இரண்டாவது. இரண்டிலும் பிடிபடாவிட்டால் 'ஆற்றை மோள்?' என்பது மூன்றாவது. பிறந்தநாள் கொண்டாட்டத்தில் றோல்ஸ் தட்டைப் பிடித்தபடியே இதைச் செய்து முடிக்கிற நிபுணர்கள் ஸ்காபரோவில் தெருவுக்கு நாலு பேர். ஆயிரம் பேரிடம் நடத்தும் ஆய்வைவிடத் துல்லியமாக முடிவும் சொல்வார்கள். இந்த வினாக்கொத்துக்கு ஆட்சேபம் இல்லை. அதையே ஒரு பிள்ளை தாளில் எழுதி, பதில்களைக் கூட்டிக் கணக்காக வெளியில் வைக்க வெளிக்கிட்டால் மட்டும் சமூகம் சீரழிந்துவிடுகிறது!

'இங்கு சாதி இல்லை' என்ற வசனம் 2023 மார்ச்சிலும் கேட்டது. ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபையில், ஸ்காபரோ வடக்கின் அறங்காவலராக இருந்த யாழினி ராஜகுலசிங்கம், பாடசாலைகளில் சாதிப் பாகுபாடு இருக்கிறது என்பதை ஏற்று, அதை எதிர்கொள்ள ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழுவின் துணையை நாடும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 16க்கு 5 என்ற வாக்கில் அது நிறைவேறியது. கனடாவில் ஒரு கல்விச்சபை இப்படிச் செய்தது அதுவே முதற்தடவை. அதே ஆண்டு ஒக்ரோபரில் ஆணைக்குழு, சாதிப் பாகுபாடும் மனித உரிமைச் சட்டத்துக்குள் அடங்கும் என்று தனது நிலைப்பாட்டை வெளியிட்டது. எதிர்த்தவர்களின் பெரிய வாதம், இதற்குத் தரவு எங்கே என்பது. தரவு எப்படி வரும்? கேட்டால் கிளறுகிறாய் என்பது, கேளாவிட்டால் தரவில்லை என்பது. வழியை மறித்து நின்றுகொண்டே ஏன் வரவில்லை என்று கேட்கிற கெட்டித்தனம் இது.

கணக்கு என்ன செய்யும் என்பதைக் கறுப்பினத்தவரிடம் கற்றிருக்கலாம். தங்கள் பிள்ளைகளைப் பாடசாலைகள் தள்ளி வைக்கின்றன என்று அந்தப் பெற்றோர் பல தசாப்தங்களாகச் சொன்னார்கள். அது வெறும் மனக்குறை என்றே கொள்ளப்பட்டது. இதே கல்விச்சபை 2006 இல் மாணவர் கணக்கெடுப்பைத் தொடங்கி இன அடையாளத்தையும் கேட்ட பிறகு நிலைமை மாறியது. யோர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் ஜேம்ஸ் 2017 இல் வெளியிட்ட அறிக்கை அந்தத் தரவை எடுத்து வைத்தது: உயர்நிலைப் பள்ளியை முடிப்பதற்குள் ஒருமுறையாவது இடைநிறுத்தப்பட்ட கறுப்பின மாணவர்கள் 42 வீதம், வெள்ளையின மாணவர்கள் 18 வீதம். அதற்குப் பிறகு 'உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது' என்று சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியைப் பல்கலைக்கழகத்துக்குப் போகாத பாதையில் தள்ளிய முறை 2021, 2022 இல் கைவிடப்பட்டதிலும் இந்த எண்களுக்குப் பங்குண்டு.

கொரோனாக் காலத்தில் எமக்கே இது நடந்தது. 2020 மே மாதத்தில் ரொறன்ரோ சுகாதாரப் பிரிவு நோயாளரின் இனத்தையும் வருமானத்தையும் கேட்கத் தொடங்கியது. யூலை முடிவில் வந்த கணக்கின்படி நகரத்தில் 52 வீதமாக இருக்கும் வெள்ளையரல்லாதார் நோயாளரில் 83 வீதம். தொழிற்சாலைக்கும் முதியோர் இல்லத்துக்கும் வேலைக்குப் போய் நோயோடு திரும்பி வந்தவர்கள் யார் என்பது ஸ்காபரோவுக்கு முன்னமே தெரியும். ஆனால் எண் வந்த பிறகுதான் எமது தெருக்களுக்குத் தடுப்பூசி வண்டியை அனுப்பு என்று அதிகாரிகளிடம் அடித்துப் பேச முடிந்தது.

அரசுகளுக்கும் இது தெரியும். 2010 இல் ஹாப்பரின் அரசு குடிசன மதிப்பீட்டின் நீண்ட படிவத்தைக் கட்டாயமில்லாததாக்கியது. பிரதம புள்ளிவிபரவியலாளர் முனீர் ஷேக் அந்த யூலையிலேயே பதவியைத் துறந்தார். 2011 இல் அந்தப் படிவத்துக்குப் பதில் தந்தவர்கள் 68.6 வீதமே. பதிலில்லாமல் போனவர்களில் வறியவர்களும் குடிவந்தவர்களும் கூட. 2016 இல்தான் கட்டாயப் படிவம் திரும்பி வந்தது.

இவ்வளவும் சொன்னதால் மாணவர்கள் செய்வதெல்லாம் திறம் என்று நாம் கைதட்டப் போவதில்லை. அவர்களுடனும் சண்டை இருக்கிறது.

பிள்ளைகளே, தாளும் பேனையுமாகக் கதவைத் தட்டுகிறவனை உங்கள் அம்மம்மா எப்படிப் பார்ப்பார் என்று யோசித்ததுண்டா? 1983 யூலையில் கொழும்பில் காடையர் வந்தபோது அவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீடு தமிழன் வீடு என்பதை அந்தப் பட்டியலே சொன்னது. பிறகு பொலிஸ் பதிவு, இராணுவத்தின் குடும்ப விபரம், சோதனைச்சாவடி. 2007 யூனில் கொழும்பு விடுதிகளில் இருந்த தமிழரை எழுப்பி, 'என்ன அலுவலாக வந்தாய்' என்று கேட்டு, பதில் பிடிக்காமல் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். எழுதிக் கொடுத்த பெயர் எங்கே போகும் என்று தெரியாத ஒரு தலைமுறையிடம் கூகிள் படிவத்தை நீட்டினால் 'எல்லாம் நல்லம்' என்ற பதில்தான் வரும். அதை நீங்கள் நூற்றுக்கு இத்தனை வீதம் திருப்தி என்று வட்டப்படம் கீறி வைப்பீர்கள்.

குரலின் சங்கதி இன்னும் சிக்கல். 'உங்கடை கதையைச் சொல்லுங்கோ' என்று ஒலிவாங்கியை நீட்டுகிறீர்கள். எங்களில் கனபேர் தங்கள் கதையை ஏற்கெனவே ஒருமுறை சொல்லிவிட்டார்கள், அகதி விசாரணையில். 'கேஸ்' எழுதிக் கொடுத்தவர் சேர்த்ததும் வெட்டியதுமாக, மொழிபெயர்ப்பாளரின் வாயினூடாக, திகதி ஒன்று பிசகினால் திருப்பி அனுப்பப்படுவோம் என்ற நடுக்கத்தில் சொன்ன கதை அது. அதற்குப் பிறகு அதை மாற்ற முடியாது. 2010 ஓகஸ்ற்றில் சன் சீ கப்பலில் வந்த 492 பேரைத் தடுத்துவைத்துத் திரும்பத் திரும்ப விசாரித்தார்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம் அரை மணித்தியாலப் பதிவில் மனந்திறக்கச் சொன்னால், அவர் அதே கேஸைத்தான் ஒப்புவிப்பார். அதைத் 'துணிச்சலான சாட்சியம்' என்று தலைப்பிடுகிறீர்கள்.

அதைவிட, தாளில் பெயரை மறைக்கலாம், குரலை எப்படி மறைப்பது? ஒருவர் 'ம்' கொட்டினாலே இன்னாரின் மனைவி என்று சொல்லக்கூடிய ஊர் ஸ்காபரோ. தனி வானொலிப்பெட்டி வாங்கி வைத்து இரவு பகலாகத் தமிழ் வானொலி கேட்டு வளர்ந்த காது எங்களுடையது. சாதி பற்றியோ புருஷனின் அடி பற்றியோ வாய் திறந்த பெண்ணை மறுநாளே கடையில் வைத்து விசாரிப்பார்கள். ஆகவே கணக்கை முதலில் எடுங்கள். குரல் வேண்டுமென்றால் அவர் சொன்னதை வேறொருவர் வாசிக்கட்டும். வெளியிடுவதற்கு முன் சொன்னவருக்குப் போட்டுக் காட்டுங்கள். வேண்டாமென்றால் அழித்துவிடுங்கள்.

மொழியையும் சொல்லியாக வேண்டும். கேள்வி ஆங்கிலத்தில், பதில் தமிழில், அறிக்கை மறுபடி ஆங்கிலத்தில், பொட்காஸ்ட் முழுதும் ஆங்கிலத்தில். பதில் சொன்ன அம்மாவுக்கு அதில் எது விளங்கும்? ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு 40 மணித்தியாலச் சமூகசேவை வேண்டுமென்ற விதி 1999 இலிருந்து இருக்கிறது. அந்த 40 மணித்தியாலம் முடிந்ததும், பல்கலைக்கழக விண்ணப்பம் போனதும், பதிவுகள் எவருடைய கணினியிலோ கிடந்து போகின்றன. எங்கள் சனத்தின் மேல் ஏறி நின்று புலமைப்பரிசில் பறிப்பதற்கும் மண்டபத்தில் மாலை வாங்குவதற்கும் எமக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

மல்வேர்ன் பிள்ளையிடம் இதையெல்லாம் சொன்னோம். கோபித்தார். பிறகு வினாக்கொத்தைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டார், எழுதிக்கொண்டிருக்கிறோம். 'சாதி' என்ற சொல்லை முதற் கேள்வியிலேயே போடுவதா, கல்யாணப் பேச்சில் தொடங்குவதா என்பதில் இன்னும் இழுபறி. முடிவுகளைப் பதில் சொன்னவர்களுக்கே தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒன்று. அதற்கு ஒரு மண்டபம் வேண்டும். ஸ்காபரோவில் எமது சங்கங்களுக்கு மண்டபத் தட்டுப்பாடு இருப்பதாகத் தெரியவில்லை. கலைவிழா, ஒன்றுகூடல், இராப்போசனம் எல்லாம் நடக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாடகையில்லாமல் திறந்துவிட எந்தச் சங்கம் முன்வரும்? முன்வராவிட்டால் வாடகை எவ்வளவு என்றாவது சொல்லுங்கள். சேர்த்துக் கட்டுகிறோம்.