வாடகை ரூமுக்குள்ள காளான் வளர்க்கலாமா?



போன வாரம் அக்கா மகன் சென்னையில இருந்து போன் பண்ணான். "மாமா, வாடகை வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. பத்துக்குப் பத்து. சிப்பிக் காளான் போடப் போறேன். வீடியோ எல்லாம் பாத்துட்டேன். வெயில்னா ஏசி இருக்கு"ன்னான். வேணாம் மாப்ளன்னேன். ஏன்னு கேட்டான். போன்ல சொன்னது அவனுக்கு எரிச்சலா இருந்துச்சு போல, பாதியில வச்சுட்டான். அதான் இங்க எழுதுறேன். அவன் மாதிரி யோசிக்கிறவங்க நகரத்துல நிறைய பேர் இருப்பீங்க.

நான் படிச்சவன் இல்ல. ஆனா வாடகை ரூம்ல காளான் போட்டுக் கெட்டவன். அந்த வகையில எனக்குப் பேசத் தகுதி இருக்கு.

சின்னமனூர்ப் பக்கம் ஒரு கடைக்குப் பின்னால இருந்த ஸ்டோர் ரூமைப் பிடிச்சேன். காங்கிரீட் கூரை. ஒரே கதவு. ஜன்னல் ஒண்ணு இருந்துச்சு, அதையும் பக்கத்துக் கட்டடம் அடைச்சிருந்துச்சு. அட்வான்ஸ் 20,000, வாடகை 2,500. வைக்கோலுக்கு நம்ம ஊர்ல பஞ்சமில்ல. முல்லைப் பெரியாறு தண்ணியில லோயர்கேம்ப்ல இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோகம் விளையுற பூமி. வைக்கோலை வெட்டி, ஊறவச்சு, அவிச்சு, ஈரம் வடிய விட்டு, பையில அடுக்கி வித்துப் போட்டு உறியில தொங்கவிட்டேன். 80 படுக்கை. கார்த்திகையில போட்டது. தை மாசம் பூவா பூத்துச்சு.

கணக்கையும் சொல்லிர்றேன். அந்தச் சுற்றுல ஏறக்குறைய 45 கிலோ எடுத்தேன். கிலோ 200 ரூபாய்க்குக் குடுத்தேன், 9,000 ஆச்சு. ஒன்றரை மாச வாடகை 3,750, வித்து 40 பாக்கெட் 2,000, வைக்கோல், பை, விறகுன்னு ஒரு 1,000. கையில நின்னது 2,250. அதுல நானும் வீட்டுக்காரியும் உழைச்ச கூலி சேரல. இது நல்ல பருவத்துல, ஒரு படுக்கைகூட கெடாதப்ப. "சின்ன ரூம், பெரிய வருமானம்"னு சொல்றவங்க இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டாங்க.

மாசி கடைசியில ரெண்டாவது சுற்று போட்டேன். பங்குனி வெயில் ஏறுச்சு. காளானோட காம்பு நீளமா, விரல் மாதிரி, தொப்பி மட்டும் சட்டைப் பித்தான் அளவுல வர ஆரம்பிச்சது. தண்ணி பத்தலன்னு நெனச்சு இன்னும் ரெண்டு வேளை கூடத் தெளிச்சேன். மொட்டெல்லாம் மஞ்சளாகி நொளநொளன்னு போச்சு. வித்து குடுக்குற அக்கா ஒருநாள் வந்து பாத்தாங்க. படுக்கையைத் தொடவே இல்ல. கதவைச் சாத்திட்டு உள்ள கொஞ்ச நேரம் நின்னாங்க. "அண்ணே, நீங்க பத்து நிமிஷம் இதுக்குள்ள நில்லுங்க. உங்களுக்கே மூச்சு முட்டுதுல்ல? அதுக்கும் அப்படித்தான்"னாங்க.

எனக்கு அதுவரைக்கும் உறைக்கல. காளான் செடி இல்ல. செடி கரியமில வாயுவை எடுத்து உணவாக்கும். காளான் நம்மள மாதிரி, மூச்சை இழுத்துக் கரியமில வாயுவை வெளிய விடும். வெளிக்காத்துல அந்த வாயு பத்து லட்சத்துல 420 பங்கு அளவுதான். சிப்பிக் காளான் மொட்டு விடுற நேரத்துல அது ஆயிரத்துக்குள்ள இருக்கணும். தாண்டுச்சுன்னா காத்தைத் தேடிக் காம்பு நீளும், தொப்பி விரியாது. அடைச்ச ரூம்ல 80 பை ராப்பகலா மூச்சு விட்டா என்ன ஆகும்?

சூடு அதைவிடப் பெரிய கதை. சிப்பிக்கு 20ல இருந்து 28 டிகிரி வரைக்கும் ஒத்துக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு வெளிய காத்து ஜிலுஜிலுன்னு இருக்கும், ரூமுக்குள்ள 34. பகல் முழுக்கக் குடிச்ச வெயிலைக் காங்கிரீட் ராத்திரியிலதான் கக்கும். ஒரு படுக்கைக்குள்ள வெப்பமானியைச் செருகிப் பாத்தா ரூமைவிட மூணு டிகிரி கூட. வைக்கோலைத் தின்னுக்கிட்டே காளான் இழை தானும் சூடு விடும். ஈர வைக்கோல் போரைக் குவிச்சு வச்சா உள்ள ஆவி பறக்குமே, அந்த மாதிரிதான். படுக்கையை ஒண்ணோட ஒண்ணு ஒட்டித் தொங்கவிடக் கூடாதுன்னு சொல்றது இதுக்குத்தான். நான் இடத்துக்கு ஆசைப்பட்டு நெருக்கித் தொங்கவிட்டிருந்தேன். பச்சைப் பூசணம் வந்து உக்காந்துச்சு. 80ல 50க்கு மேல குப்பைக்குழிக்குப் போச்சு.

ஈரச் சாக்கு கட்டலயான்னு கேப்பீங்க. கட்டினேன். சுத்தியும் கட்டினேன். மண்பானைத் தண்ணி எதுனால குளிருது? கசியுற ஈரத்தைக் காத்து உலர்த்திக்கிட்டுப் போறதுனால. பானையை ஒரு பெட்டிக்குள்ள வச்சு மூடிப் பாருங்க, குளிராது. காத்துப் போக வழியில்லாத ரூம்ல ஈரச் சாக்கைக் கட்டினா புழுக்கம்தான் கூடும். கீழ ஒரு ஓட்டை, அதுல ஈரச் சாக்கு. எதிர்ச் சுவத்துல மேல ஒரு ஓட்டை, அதுல எக்ஸாஸ்ட் ஃபேன். சூடான காத்து மேல நிக்கும், அதை மேல வழியா இழுத்தா கீழ வழியா ஈரத்துல குளிர்ந்த காத்து தானா வரும். இவ்வளவுதான் வித்தை. பூச்சி வராம ரெண்டுலயும் வலை அடிச்சுக்கணும்.

ஆனா சுவத்துல ஓட்டை போட அது என் சுவரா? வீட்டுக்காரர் முடியாதுன்னுட்டார். அன்னைக்கு அவர் மேல கோவம் வந்துச்சு. இப்ப யோசிச்சா அவர் பக்கமும் நியாயம் இருக்கு. ரூமைக் காலி பண்ணப்ப சுண்ணாம்பெல்லாம் பொரிஞ்சு, சுவர் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிக் கிடந்துச்சு. அட்வான்ஸ்ல 8,000 பிடிச்சுக்கிட்டார். நானா இருந்தாலும் பிடிச்சிருப்பேன்.

விவசாயத்துல இது எங்களுக்குப் பழகின சங்கதி. குத்தகைக்காரன் அடுத்தவன் நிலத்துல கிணறு வெட்ட மாட்டான். தென்னை வைக்க மாட்டான். ஒரு போகத்துல கைக்கு வர்றதைத்தான் போடுவான். வாடகை ரூமும் அப்படித்தான். காளானுக்கு வேண்டியதெல்லாம் கட்டடத்துல இருக்கு: கூரை, சுவத்து ஓட்டை, தரை. வாடகைக்காரனுக்கு உரிமையில்லாததும் அதே மூணுதான். என்னோட முதல் ஆட்சேபணை இது. வெயிலை நான் அடுத்துத்தான் சொல்லுவேன்.

சரி, ஏசி. மாப்ள, ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்தைக் கொண்டாராது. ரூம்ல இருக்குற அதே காத்தைத்தான் இழுத்துக் குளிர வச்சுத் திருப்பி ஊதும். அது வேலை செய்யணும்னா கதவைச் சாத்தணும், சாத்தினா மூச்சு முட்டும். இன்னொண்ணு, ஏசிக் குழாய்ல இருந்து வெளிய சொட்டுதே தண்ணி, அது அந்த ரூமோட ஈரம். காளானுக்கு 85 சதவீதம் ஈரப்பதம் வேணும். நீ ஒரு பக்கம் தெளிப்ப, ஏசி இன்னொரு பக்கம் உறிஞ்சி வெளிய சொட்டவிடும். ரெண்டுக்கும் கரண்ட் பில் உனக்கு. பெரிய கம்பெனிக்காரங்க மொட்டுக் காளானுக்குக் குளிர் அறை வச்சிருக்காங்கன்னா, வெளிக்காத்தை வடிகட்டி, குளிரவச்சு, ஈரமாக்கி உள்ள விட அவங்ககிட்ட தனி ஏற்பாடே உண்டு. படுக்கை ரூம் ஏசிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

போன்ல சொல்ல விட்டுப்போன ஒண்ணு: விரிஞ்ச சிப்பிக் காளான்ல இருந்து வித்துத் தூள் புகை மாதிரி பறக்கும். எனக்கு ரெண்டு மாசம் வறட்டு இருமல் இருந்துச்சு. ஓரம் சுருண்டு விரியுறதுக்கு முன்னாலயே பறிச்சுரணும், மூக்கு வாயைக் கட்டிக்கிட்டுத்தான் உள்ள போகணும். உன் வீட்டுல அடுத்த ரூம்ல கைக்குழந்தை தூங்குது.

இப்ப நான் தோட்டத்துல கிடுகுக் கொட்டகையில போடுறேன். மணல் தரை, சுத்தி சாக்கு. அதுலயும் பாடம் படிச்சேன். கம்பம் கணவாய் வழியா ஆடிக் காத்து வந்துச்சுன்னா சும்மா வராது, ஆண்டிபட்டிப் பக்கம் காத்தாடி சுத்துறதே அந்தக் காத்துலதான். முதல் வருஷம் மேற்கைத் திறந்துவிட்டு, மொட்டெல்லாம் காஞ்சு கருவாடாப் போச்சு. இப்ப மேற்குப் பக்கம் அடைப்பு, கிழக்கே திறப்பு. சித்திரை, வைகாசியில சிப்பி போடுறதே இல்ல, பால் காளான்தான். 1974ல மேற்கு வங்கத்துல கண்டுபிடிச்ச வகை அது. 1998ல நம்ம வேளாண் பல்கலைக்கழகம் அருப்புக்கோட்டை நிலையத்துல இருந்து ஏபிகே 2ன்னு ரகம் விட்டாங்க. 30ல இருந்து 35 டிகிரி அதுக்குச் சொர்க்கம். பறிச்சா சிப்பி மாதிரி மறுநாளே வாடாது. ஆனா அதுக்கும் காத்து வேணும், வெளிச்சமும் வேணும், மேல மண் போடுற வேலையும் உண்டு. வெயில் ஊர்ல வெயிலோட சண்டை போடாத பயிரைத் தேடுறதுதான் எனக்குச் சரியாப் படுது.

எழுதி முடிக்கிறதுக்குள்ள மாப்ள திரும்பக் கூப்பிட்டுட்டான். ஏசி ரூம் திட்டத்தை விட்டுட்டானாம். மார்கழியில பத்தே பத்து படுக்கை, துணி காயப்போடுற பின் பால்கனியில, சாக்கு கட்டிப் போட்டுப் பாருன்னேன். வீட்டுக்காரம்மாகிட்ட முதல்லயே சொல்லிருன்னேன். "அதை எப்படி மாமா கேக்குறது?"ன்னு இழுத்தான். முதல் பறிப்புல அரைக் கிலோ அவங்களுக்குன்னு சொல்லிக் கேளுன்னு சொல்லியிருக்கேன்.